புளூகிராஸ் குழுக்களின் சாலையும் ஸ்டூடியோவும்: ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் கிராமிய இசை வகைகளுள் ஒன்றான புளூகிராஸை முதன்முறையாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தைக் கண்டுதான் வியக்கிறார்கள். டிரம்ஸ் கிடையாது, மின்சாரத்தில் இயங்கும் வாத்தியங்கள் கிடையாது. பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் எனப்படும் வயலின், கிதார், டபுள் பாஸ் என்று ஐந்து கம்பி வாத்தியங்களை வைத்துக்கொண்டு, நான்கைந்து பேர் இரண்டரை நிமிடப் பாட்டு ஒன்றுக்குள், பல்லவியையும் சரணங்களையும் பாடுவதோடு, இடையிடையே ஆளுக்கொரு முறை தனியாக வாசித்துக் காட்டவும் செய்கிறார்கள். இந்த இறுக்கமான அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், பாதி விடை இசை இலக்கணத்தில் கிடைப்பதில்லை. அவர்கள் பிழைப்பு நடத்திய விதத்தில்தான் கிடைக்கிறது என்பது என் கருத்து. வாரத்தின் பெரும்பகுதியைக் காரில் கழித்து, ஆண்டுக்குச் சில மணி நேரம் மட்டுமே ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றவர்கள் உருவாக்கிய இசை இது.

இதன் தொடக்கம் தெளிவாகத் தெரிந்த ஒன்று. கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்ரோ, அம்மாநிலத்தின் பட்டப்பெயரையே எடுத்துத் தம் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயரிட்டு, 1939 அக்டோபரில் நாஷ்வில் நகரின் டபிள்யூஎஸ்எம் வானொலி சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பிய 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் இடம்பெற்றார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் அந்தக் குழுவில் சேர்ந்தார். போர்க்காலத்தில் வட கரோலினாவில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர் அவர். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுழற்றி, பாஞ்சோவிலிருந்து அருவிபோல் இடைவிடாமல் சுரங்களைக் கொட்டும் முறையை அவர் கொண்டுவந்தார். மாண்டலின் மன்ரோ, கிதாரும் முதற்குரலும் லெஸ்டர் ஃபிளாட், ஃபிடில் சபி வைஸ், பாஸ் ஹோவர்ட் வாட்ஸ். இந்த ஐவர் 1946 முதல் 1948 தொடக்கம் வரை ஒன்றாக இருந்த காலம் மிகக் குறுகியது என்றாலும், புளூகிராஸ் என்று இன்று நாம் அழைப்பது பெரும்பாலும் அவர்கள் வாசித்துக் காட்டிய முறைதான். அந்தப் பெயரே ஓர் இசைவகைக்கு உரியதாகப் புழக்கத்துக்கு வந்தது 1950களில்தான்.

டிரம்ஸ் இல்லாமல் தாளம் எப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் டபுள் பாஸ் தாங்குகிறது. இரண்டாவதிலும் நான்காவதிலும் மாண்டலின் 'சாப்' எனப்படும் ஒரு வெட்டு வெட்டுகிறது: இடக்கை விரல்கள் கம்பிகளை அழுத்தியிருக்கும்போது வலக்கை ஒரே வீச்சில் அவற்றைத் தட்ட, ஒலி எழுந்த அடுத்த கணமே இடக்கையின் அழுத்தம் தளர்ந்து அந்த ஒலி அறுந்துவிடுகிறது. சுரம் மங்கி, சற்றேறக்குறைய தோல் வாத்தியத்தின் அடி போன்ற ஓசை மட்டும் மிஞ்சும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியைக் கிதார் நிரப்ப, அதன்மேல் பாஞ்சோ ஓடுகிறது. பாஞ்சோவின் ஐந்தாவது கம்பி மற்றவற்றைவிடக் குட்டையானது. கழுத்தின் நடுவிலிருந்து புறப்பட்டு, உச்ச ஒலியில் ஆதார சுருதியைப் போல் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். மாண்டலின் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ஸ்ரீநிவாஸ் மின்னொலி மாண்டலினில் ஒற்றைக் கம்பிகளை வைத்துக் கமகங்களைக் கொண்டுவந்தவர். மன்ரோவின் கையில் இருந்ததோ, இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட, 1923இல் கிப்சன் நிறுவனம் செய்த மரக்கருவி. மயாமி நகரில் ஒரு முடிதிருத்தகத்தின் கண்ணாடிச் சன்னலில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த அதை 150 டாலர் கொடுத்து அவர் வாங்கினார்.

இனிச் சாலைக்கு வருவோம். 1930களிலும் 40களிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஓர் இசைக்குழுவின் வருமானம் இசைத்தட்டிலிருந்து வரவில்லை; வானொலியும் நேரடியாக அதிகம் கொடுக்கவில்லை. குழு ஏதேனும் ஒரு வானொலி நிலையத்தில் விடியற்காலையிலோ நண்பகலிலோ கால் மணி நேரமோ அரை மணி நேரமோ மிகக் குறைந்த ஊதியத்துக்கு, சில வேளைகளில் ஊதியமே இல்லாமல், வாசிக்கும். அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது அறிவிப்பு உரிமை: 'வியாழக்கிழமை இரவு இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் நிகழ்ச்சி' என்று சொல்லிக்கொள்ளலாம், பாட்டுப் புத்தகங்களை அஞ்சலில் விற்கலாம். நிலையத்தின் அலைவரிசை எட்டும் தூரம்தான் அவர்களின் சந்தை. அந்த வட்டத்துக்குள் இருக்கும் பள்ளிகள், நீதிமன்றக் கட்டடங்கள், சிறு திரையரங்குகள் எல்லாவற்றிலும் ஒரு சுற்று வாசித்து முடித்து, கூட்டம் குறையத் தொடங்கியதும், மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். வர்ஜீனியாவின் மலைப்பகுதியைச் சேர்ந்த கார்ட்டர், ரால்ஃப் ஸ்டான்லி சகோதரர்கள் 1946 இறுதியில் பிரிஸ்டல் நகரின் டபிள்யூசிஒய்பி நிலையத்தில் தொடங்கியது இப்படித்தான். நண்பகல் உணவு வேளையில் சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்கள் கேட்ட நிகழ்ச்சி அது. அவர்களே மாலையில் நுழைவுச்சீட்டு வாங்க வந்தார்கள்.

மன்ரோவின் நிலை சற்று வேறு. டபிள்யூஎஸ்எம் 50,000 வாட் ஆற்றல் கொண்ட நிலையம். இரவில் அதன் ஒலி பல மாநிலங்களைத் தாண்டிச் செல்லும். ஆகவே அவருக்கு ஊர் மாற வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஒரு விதி இருந்தது: வாரம் முழுக்க எங்கே சுற்றினாலும் சனிக்கிழமை இரவு நாஷ்வில் மேடைக்குத் திரும்பியாக வேண்டும். ஞாயிறு அதிகாலையில் புறப்பட்டால் எவ்வளவு தூரம் போய், எத்தனை ஊர்களில் வாசித்து, சனிக்கிழமைக்குள் திரும்பலாம் என்பதே அந்த வாரத்துக்கான கணக்கு. விரைவுச் சாலைகள் இல்லாத காலம் அது. மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டமே 1956இல்தான் வந்தது. நீட்டிக் கட்டிய ஒரு செவ்ரோலே வண்டியில் குழு முழுவதும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, டபுள் பாஸ் கூரைமேல் கட்டப்பட்டிருக்கும். தூக்கம் வண்டிக்குள், ஒத்திகையும் பெரும்பாலும் வண்டிக்குள்தான். மூன்று குரல்கள் சேரும் இடங்களில் யார் எந்தச் சுரத்தைப் பிடிப்பது என்பதை இருக்கையில் இருந்தபடியே தீர்த்துக்கொள்வார்கள். புளூகிராஸில் முதற்குரலுக்கு மேலே டெனார் என்ற உச்சக்குரலும், கீழே பாரிட்டோன் என்ற மூன்றாம் குரலும் நிற்கும். நாளெல்லாம் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பவர்களின் குரல்கள் அவ்வளவு நுட்பமாக இழைந்ததில் வியப்பதற்கு அதிகம் இல்லை.

1940களில் மன்ரோ தம்முடன் ஒரு கூடாரத்தையும் கொண்டுபோனார். காலையில் ஊருக்குள் வந்து கூடாரம் அடிப்பது, நாற்காலிகள் போடுவது, இரவில் அனைத்தையும் பிரித்து ஏற்றுவது என்ற வேலைகளில் இசைக்கலைஞர்களும் கைகொடுத்தார்கள். அதற்கும் மேலாக, குழுவிடம் ஒரு பேஸ்பால் அணியும் இருந்தது. பிற்பகலில் உள்ளூர் அணியுடன் ஓர் ஆட்டம். அதைப் பார்க்க வந்த கூட்டம் இரவு நிகழ்ச்சிக்கும் தங்கிவிடும். பந்து வீசத் தெரிந்தவர் என்பது குழுவில் சேர விரும்பியவருக்குக் கூடுதல் தகுதியாகக் கருதப்பட்டது என்பதை இன்று படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் நுழைவுக் கட்டணத்தை நம்பி வாழ்ந்த ஒரு தொழிலில் அது விளையாட்டு அல்ல. மேடையிலும் இசை மட்டும் போதாது. பாஸ் வாசிப்பவரோ பாஞ்சோ வாசிப்பவரோ கோமாளி உடையணிந்து நகைச்சுவைக் காட்சி நடத்துவார். பிறகு நால்வர் கிதாரும் மாண்டலினும் மட்டும் துணையாகக் கொண்டு பக்திப்பாடல் ஒன்றைப் பாடுவார்கள். அடுத்து ஃபிடில் வேகமெடுக்கும். ஊருக்கு ஆண்டில் ஒன்றிரண்டு முறை வரும் கேளிக்கை என்பதால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் இருக்க வேண்டும்.

குழு என்ற சொல்லைக் கேட்டதும், சமபங்காளிகளாகச் சேர்ந்த நண்பர்களை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். பழைய புளூகிராஸ் குழு அப்படிப்பட்டது அல்ல. தலைவர் ஒருவர், அவர் பெயரில்தான் ஒப்பந்தம், வண்டி, இசைத்தட்டு எல்லாம். மற்றவர்கள் வாரச் சம்பளத்துக்கு வாசித்தவர்கள். அரங்கு நிறைந்து வழிந்தாலும் அவர்களின் சம்பளம் அதேதான். மன்ரோவின் குழுவில் அவர் 1996இல் மறையும் வரை 150க்கும் மேற்பட்ட கலைஞர்கள் வந்து போனார்கள். இதை அவருடைய கடுமையான சுபாவத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு இதன் மறுபக்கம் முக்கியமாகப் படுகிறது: அந்த வண்டியில் ஓரிரு ஆண்டுகள் பயணம் செய்தவர்கள் வெளியேறித் தங்கள் சொந்தக் குழுக்களைத் தொடங்கியதால்தான் ஒரு மனிதரின் பாணி ஓர் இசைவகையாகப் பரவியது. 1948 தொடக்கத்தில் ஸ்கிரக்ஸ் விலகியபோது, ஓயாத பயணத்தால் களைத்து, ஊருக்குத் திரும்பித் தாயைக் கவனித்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தார். ஃபிளாட்டும் விலகினார். விரைவிலேயே இருவரும் சேர்ந்து 'ஃபாகி மவுண்டன் பாய்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பயணமும் முன்னைவிட அதிகமானது.

எவ்வளவு அதிகம் என்பதற்கு 1950களின் நடுப்பகுதியைப் பார்க்கலாம். மார்த்தா ஒயிட் என்ற மாவு நிறுவனம் 1953இல் அவர்களுக்கு ஆதரவளிக்கத் தொடங்கி, டபிள்யூஎஸ்எம்மில் விடியற்காலை நிகழ்ச்சி ஒன்றைக் கொடுத்தது. 1955இல் தொலைக்காட்சியும் சேர்ந்தது. அப்போது உள்ளூர் நிலையங்களில் வீடியோ நாடா என்ற ஒன்றே கிடையாது. ஆகவே ஒவ்வொரு நகரின் நிகழ்ச்சியையும் அந்த நகருக்கே போய் நேரலையில்தான் நடத்த வேண்டும். திங்கள் ஜார்ஜியாவில் ஒரு நகரம், பிறகு தென் கரோலினா, மேற்கு வர்ஜீனியா, டென்னஸி என்று வாரத்துக்கு ஏறத்தாழ 2,500 மைல் சுற்றி, சனிக்கிழமை நாஷ்வில் திரும்பினார்கள். இடையில் இரவு நிகழ்ச்சிகள் வேறு. நாடாவில் பதிவு செய்யும் வசதி வந்தபின்தான் இந்தச் சுற்று ஓய்ந்தது. இத்தனை அலைச்சலையும் அட்டவணையாக்கி, ஒப்பந்தங்களைப் பேசி முடித்தவர் ஏர்லின் மனைவி லூயிஸ் ஸ்கிரக்ஸ். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அந்தத் தொழிலில் மேலாளராகப் பணியாற்றிய முதற்பெண்களுள் அவர் ஒருவர். அந்தக் குழு 1962 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கு வரை சென்றதில் அவருடைய பங்கு பெரிது.

சாலையின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. இரவு முழுவதும் வண்டி ஓட்டி, அதிகாலையில் வானொலியில் சிரித்துப் பேசி, மறுபடியும் வண்டியேறும் வாழ்க்கை உடலை விரைவில் தின்றுவிடும். கார்ட்டர் ஸ்டான்லி 1966இல் தம் 41ஆவது வயதில் இறந்தார். மதுப்பழக்கம் அவர் உடல்நிலையைச் சிதைத்திருந்தது. கிதாரில் ஒரு புதிய வழியைத் திறந்த கிளாரன்ஸ் ஒயிட், 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவின் பாம்டேலில் நிகழ்ச்சி முடிந்து வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டுக் காரோட்டி வந்த ஒருவரால் மோதப்பட்டு உயிரிழந்தார். அவருக்கு வயது 29.

ராக் அண்ட் ரோல் அலை எழுந்த 1950களின் பிற்பகுதியில் கிராமப்புற அரங்குகளில் கூட்டம் குறைந்தது. மீட்சி வந்தது திருவிழாக்களால். 1965 செப்டம்பர் தொடக்கத்தில் கார்ல்டன் ஹேனி என்ற ஏற்பாட்டாளர், வர்ஜீனியாவின் ஃபின்காசில் அருகே ஒரு குதிரைப் பண்ணையில் பல நாள் புளூகிராஸ் திருவிழாவை நடத்தினார். அவ்வகையில் அதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது. 1967இல் மன்ரோ இந்தியானா மாநிலத்தின் பீன் பிளாசமில் தம்முடைய சொந்தத் திருவிழாவைத் தொடங்கினார். பிறகு கொலராடோவின் டெல்லுரைடில் 1974 முதலும், வட கரோலினாவில் 1988 முதல் மெர்ல்ஃபெஸ்ட் என்ற பெயரிலும் பெருவிழாக்கள் நடந்து வருகின்றன. இதனால் குழுக்களின் காலண்டரே மாறியது: கோடை மாதங்களில் வார இறுதி தோறும் ஒரு திருவிழா, இடைப்பட்ட நாட்களில் வழியிலுள்ள சிற்றரங்குகள், குளிர்காலத்தில் ஸ்டூடியோ. விழாவுக்கு வருபவர்களில் பலர் தாங்களே வாத்தியம் வாசிப்பவர்கள். மேடை நிகழ்ச்சிகள் முடிந்தபின் வண்டி நிறுத்துமிடத்திலும் கூடாரங்களுக்கிடையிலும் வட்டமாக நின்று விடியும்வரை வாசிப்பார்கள். மேடைக் கலைஞர்களே அந்த வட்டங்களில் வந்து நிற்பது இங்கே சாதாரணம்.

இன்றைய குழுவின் பயணம் வசதியானது, ஆனால் எளிதல்ல. புதிய குழு என்றால் ஒரு வேனும் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு டிரெய்லரும். பெயர் பெற்ற குழு என்றால் படுக்கைகள் உள்ள பேருந்து. கட்டணத்தில் முகவருக்கு ஒரு பங்கு, எரிபொருள், விடுதி, சாப்பாட்டுப்படி எல்லாம் போக மிஞ்சுவதைப் பார்த்தால், நிகழ்ச்சிக்குப்பின் மேசை போட்டு விற்கும் குறுந்தகடுகளும் பனியன்களும்தான் பல இரவுகளில் உண்மையான இலாபம். மர வாத்தியங்களுக்குக் காற்றின் ஈரப்பதம் பெரும் பகை: கடலோர விழாவில் மரம் ஊதிக் கம்பிகள் உயர்ந்துவிடும், வறண்ட மலைநகரிலோ மேற்பலகையில் விரிசல் விழும். ஆகவே பெட்டிக்குள் ஈரப்பதத்தைச் சீராக்கும் பொதியை வைத்துக்கொள்வார்கள். பாஞ்சோவின் முகப்பு கன்றுத்தோலாக இருந்த காலத்தில் மழைநாளில் அது தொய்ந்து, ஒலியே மழுங்கிவிடும். 1950களின் இறுதியில் பிளாஸ்டிக் முகப்பு வந்தபின்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. வெளிநாட்டுப் பயணம் என்றால் காகிதச் சிக்கலும் உண்டு. மார்ட்டின் நிறுவனத்தின் பழைய கிதார்களில் 1969 வரை பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட் மரம், அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் 1992இல் சேர்க்கப்பட்டது. மாண்டலின் வாசிப்பவர்கள் விரும்பிய ஆமையோட்டு மீட்டுகட்டையும் தடைக்குட்பட்டதே. உரிய அனுமதியின்றி எல்லையைக் கடந்தால் கருவியே பறிபோகலாம். டபுள் பாஸைப் பெரும்பாலும் கொண்டுபோவதே இல்லை. போகுமிடத்தில் வாடகைக்கு எடுத்துவிடுவார்கள்.

சாலைக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையிலுள்ள பாலம் மைக். பழைய மேடைகளில் ஒரே ஒரு மைக்தான் இருக்கும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வேலையை வாசிப்பவர்களின் கால்கள் செய்தன. பாடுபவர் மைக்கின் முன் நிற்பார். அவர் வரியின் கடைசிச் சொல்லை முடிக்கும்போதே ஃபிடில் வாசிப்பவர் வலப்பக்கமாக நுழைவார், பாடியவர் இடப்பக்கமாக விலகுவார். ஃபிடில் முடியும் கணத்தில் பாஞ்சோவின் கழுத்து அடுத்தவர் முகத்தில் இடிக்காமல் உள்ளே நுழைய வேண்டும். உடனே மூன்று தலைகள் நெருங்கிவந்து பல்லவியைச் சேர்ந்து பாடும். சத்தம் மிகுந்த பாஞ்சோ எப்போதும் ஓரடி பின்னால், மெல்லொலிக் கிதார் மைக்குக்கு மிக அருகில். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மைக் வந்தபின் இந்த நடனம் பெரும்பாலும் மறைந்திருந்தது. 1990களில் டாய்ல் லாசன், டெல் மெக்கூரி ஆகியோரின் குழுக்கள் ஒற்றை மைக்கை மீண்டும் மேடையேற்றின. அழகுக்காக மட்டுமல்ல, ஒருவர் மற்றவரை நேரடியாகக் கேட்டு வாசிக்க அது உதவுகிறது என்பதே அவ்வாறு வாசிப்பவர்கள் சொல்லும் காரணம்.

ஸ்டூடியோவின் பழைய நடைமுறை இந்த மேடைப் பழக்கத்தின் நீட்சிதான். 1946 செப்டம்பரில் மன்ரோவின் குழு சிகாகோவில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது, ஒலி நாடா இன்னும் அமெரிக்க ஸ்டூடியோக்களுக்கு வரவில்லை. வாசிப்பு நேரடியாகத் தட்டில் வெட்டப்பட்டது. ஒருவர் தவறினால் ஐவரும் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் தாங்கும் என்பதால் பாட்டும் அதற்குள் முடிய வேண்டும். இசைக்கலைஞர் சங்க விதிப்படி ஓர் அமர்வு என்பது மூன்று மணி நேரம். அதற்குள் நான்கு பாடல்களை முடிப்பது வழக்கம். ஒரு பாட்டுக்கு முக்கால் மணி நேரமே கிடைக்கும் இந்தக் கணக்கில், ஸ்டூடியோவுக்குள் வந்து யோசிப்பதற்கு இடமே கிடையாது. அந்தப் பாட்டை அவர்கள் ஏற்கெனவே பல பள்ளிக்கூட மேடைகளில் வாசித்து, எந்த இடத்தில் கூட்டம் கைதட்டுகிறது, எங்கே தொய்கிறது என்று கண்டறிந்திருப்பார்கள். 1949 டிசம்பரில் சின்சினாட்டியில் பதிவான ஸ்கிரக்ஸின் 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' வாத்திய இசையில் பாஞ்சோவும் ஃபிடிலும் மாறி மாறி முன்வரும் விதத்தில் ஒரு சிறு தயக்கம்கூட இல்லாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 1967இல் ஒரு ஹாலிவுட் படத்தின் துரத்தல் காட்சிகளில் ஒலித்து அது உலகப்புகழ் பெற்றது.

தயாரிப்பாளர் என்ற பாத்திரம் வலுப்பெற்றபோது உரசல்களும் தொடங்கின. 1951இல் டெக்கா நிறுவனத்தின் தயாரிப்பாளர், மன்ரோவுக்குப் பின்னால் நாஷ்வில்லின் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை நிறுத்தி, மின் கிதாரையும் டிரம்ஸையும் சேர்த்துச் சில பாடல்களைப் பதிவு செய்துபார்த்தார்; அது ஒட்டவில்லை, மன்ரோ தம் குழுவுடனேயே பதிவுகளைத் தொடர்ந்தார். ஃபிளாட், ஸ்கிரக்ஸ் இருவரின் கதை வேறுவிதமாக முடிந்தது. 1960களின் இறுதியில் அவர்களின் இசைத்தட்டுகளில் டிரம்ஸும் வெளி வாத்தியக்காரர்களும் பாப் டிலனின் பாடல்களும் நிறைந்தன. புதியதை விரும்பிய ஸ்கிரக்ஸுக்கு அதில் மகிழ்ச்சி. மேடையில் தாம் பாடாத, பாட விரும்பாத பாட்டை ஸ்டூடியோவில் பாட வேண்டியிருந்த ஃபிளாட்டுக்கு அது பொறுக்கவில்லை. 1969இல் பிரிந்தார்கள். சாலையில் வாசிப்பது ஒன்று, தட்டில் கேட்பது வேறொன்று என்று ஆகிவிட்ட குழு நெடுநாள் நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய ஒலிப்பொறியாளரின் முதல் கவலை பாஞ்சோதான். தவிலையும் வீணையையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பதிவு செய்வதற்கு ஒப்பானது, பாஞ்சோவையும் கிதாரையும் சேர்த்துப் பதிவது. கிதாருக்கு வைத்த மைக்கிலும் பாஞ்சோவே உரக்கக் கேட்கும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒவ்வொருவரையும் கண்ணாடிச் சன்னல் வைத்த தனித்தனி அறைக்குள் நிறுத்தி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒருவரையொருவர் பார்த்தபடி ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்வது ஒன்று. இதில் ஒருவர் தவறினால் அவருடைய பகுதியை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டிக்கொள்ளலாம். எல்லோரையும் ஒரே அறையில் வட்டமாக நிறுத்தி, ஒருவர் ஒலி மற்றவர் மைக்கில் கசிவதை ஏற்றுக்கொள்வது இன்னொன்று. இதில் ஒட்டுவேலை ஏறத்தாழ இயலாது. ஒருவரின் பிழை எல்லா மைக்கிலும் பதிந்திருக்கும். நான் இரண்டாவது முறையின் பக்கம். வேகம் மாறாமலிருக்க மெட்ரோனோம் ஒலியைக் காதில் கேட்டுக்கொண்டே வாசித்த பதிவுகளில், தனி வாசிப்பு சூடேறும்போது தாளம் மயிரிழை முன்னோக்கிச் சாய்வது என்ற புளூகிராஸின் உயிர்ப்பண்பு காணாமற்போகிறது. கேட்பதற்குக் குற்றமற்றதாக இருக்கும். ஆனால் அந்த ஐவரும் ஒரே வண்டியில் வந்தவர்கள் என்று தோன்றாது.

இவற்றுக்கிடையே சிறிய வேலைகள் நிறைய உண்டு. பதிவுக்கு முன் புதுக் கம்பி மாற்றி, அது இழுபட்டு நிலைகொள்ளும் வரை வாசித்துத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாசிக்கும் முன் சுருதி சேர்த்தாக வேண்டும்; மாண்டலினின் இரட்டைக் கம்பிகளில் ஒன்று இம்மி பிசகினாலும் காதில் உறுத்தும். பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி உயரும்போது கிதாரிலும் பாஞ்சோவிலும் கேப்போ எனப்படும் கவ்வியை மாட்டுவார்கள். அது பாஞ்சோவின் குட்டைக் கம்பியைப் பிடிக்காது என்பதால், பொம்மை ரயில் பாதைகளுக்கான குட்டி ஆணிகளைக் கழுத்துப் பலகையில் அறைந்து, தேவைப்படும்போது அக்கம்பியை ஆணிக்கடியில் செருகிக்கொள்வது பாஞ்சோ வாசிப்பவர்களின் நெடுநாள் உபாயம்.

பதிவு முடிந்து வெளிவந்த இசைக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் கொடுக்கும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சட்டப்படி ஒன்றும் கிடையாது. ஆகவேதான் குழுக்கள் சொந்தப் பாடல்களை எழுத முனைகின்றன. மரபுப் பாடல்களைப் பாடும் குழு அந்த வரவை இழக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதோ சொற்பம். 1970இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ரவுண்டர், 1978இல் வட கரோலினாவில் தொடங்கிய சுகர் ஹில் போன்ற சிறு இசைத்தட்டு நிறுவனங்கள் ஒரு தலைமுறைக் கலைஞர்களை வளர்த்தெடுத்தன. பதின்பருவத்திலேயே ரவுண்டரில் சேர்ந்த அலிசன் கிரவுஸ் அவர்களில் புகழ்பெற்றவர். இன்று பல குழுக்கள் தங்கள் நிகழ்ச்சிகளையே மேடையில் பதிவு செய்து வெளியிடுகின்றன. 2025இல் சிறந்த புளூகிராஸ் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்ற பில்லி ஸ்ட்ரிங்ஸின் ஆல்பம், ஸ்டூடியோவில் உருவானது அல்ல. சாலையில், இரசிகர்களின் ஆரவாரத்தோடு பதிவானது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் மன்ரோ குழுவின் 1946, 1947 பதிவுகளிலிருந்து தொடங்கி, கார்னகி அரங்கில் 1962இல் பதிவான ஃபிளாட், ஸ்கிரக்ஸ் நிகழ்ச்சிக்கு வந்து, அதன்பின் டெல் மெக்கூரி குழுவின் ஒற்றை மைக் மேடை நிகழ்ச்சி ஒன்றின் காணொளியைப் பார்ப்பது நல்ல வரிசை. முதல் முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை பாட்டை விட்டுவிட்டு மாண்டலினின் வெட்டை மட்டும் பின்தொடருங்கள். மாண்டலின் வாசிப்பவர் தம் தனி வாசிப்புக்காக அந்த வெட்டை நிறுத்தும்போது, வேறொரு வாத்தியம் அதை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது பாஞ்சோவாகவோ ஃபிடிலாகவோ இருக்கும். அந்தக் கைமாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிக்கச் சில முறை திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.